மச்சான் பிடித்த கயிறு

ரோச்சுக்குச் சினிமா என்றாலே ஆகாது. ஆனால் தூத்துக்குடியில் வெளியாகிற ஒரு படத்தையும் அவர் விட்டதில்லை. இது என்ன கூத்து என்று யாராவது கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பார்க்காமல் ஒரு படத்தை எப்படித் திட்டுவது என்பது அவருடைய கட்சி.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்ததும் நேரே திரேஸ்புரம் கடற்கரையில் இருக்கும் அற்புதமணியின் டீக்கடைக்கு வருவார். பெஞ்சில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு உட்காருவார். வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். நாயகன் நடந்து வந்த நடையிலிருந்து நாயகிக்கு அம்மாவாக வந்தவளின் வயது வரைக்கும் கிழி கிழி என்று கிழிப்பார். அவர் வாயிலிருந்து "தூங்கலாம்" என்று வந்தால் அது நல்ல படம். "டிக்கெட்டை வாங்கி அங்கனயே போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றால் சுமாரான படம். அதற்கும் கீழே உள்ள படங்களுக்கு அவர் சொல்லும் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இதைக் கேட்பதற்காகவே படம் பார்க்காத ஆட்களும் கடைக்கு வருவார்கள் என்பதால் அற்புதமணி அவரிடம் டீக்குக் காசு வாங்குவதில்லை.

படம் பார்க்காத நாட்களில் ரோச்சின் தொழில் டியூப் பிடிப்பது. சங்கு குளிக்கப் போகிற வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து காற்று கொண்டுபோகிற டியூப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒருவன் கடலுக்கடியில் இறங்கிச் சங்கு பொறுக்குவான். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்த டியூப்பையும் கயிற்றையும் மேலே இருந்து ஒருவர் பிடித்திருக்க வேண்டும். டியூப் மடங்காமல் பார்க்க வேண்டும், கயிறு சொல்வதைக் கேட்க வேண்டும். ஓர் இழுப்பு என்றால் இன்னும் டியூப்பை விடு. இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. கீழே இருப்பவனுடைய உயிர் மேலே இருப்பவர் கையில்தான் இருக்கிறது.

அதனால் அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வழக்கம் மட்டும் சங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. கீழே போகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அப்பாவும் பிடிக்கக்கூடாது, அண்ணன் தம்பியும் பிடிக்கக்கூடாது. ரோச் பிடிப்பது டெரன்ஸின் கயிற்றை. டெரன்ஸ் அவருடைய தங்கச்சி மெட்டில்டாவைக் கட்டியவன். கல்யாணமான மறுமாதத்திலிருந்து இந்தக் கதை நடக்கிற வரைக்கும் அந்தக் கயிறு வேறு கைக்குப் போனதில்லை.

ரோச்சுக்கு இதில் பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை. மற்ற வள்ளங்களில் கீழே போனவர்கள் சும்மா சும்மா கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். மேலே ஆள் கவனமாக இருக்கிறானா, இல்லை பீடி பற்றவைத்துக்கொண்டு பராக்குப் பார்க்கிறானா என்று சோதிக்கிற இழுப்பு அது. டெரன்ஸ் அப்படி ஒருமுறைகூட இழுத்ததில்லை. அவன் இறங்கிவிட்டால் தேவைக்குத் தவிர கயிறு அசையாமல் கிடக்கும். அந்த அசையாத கயிறுதான் ரோச் தன் வாழ்நாளில் சம்பாதித்தது.

அந்தப் பெருமையால்தான் வினை வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்தது. பாண்டியர் காலத்து முத்துக்குளிப்பைப் பற்றிப் பிரம்மாண்டமாகப் படம் எடுக்கப் போகிறார்களாம். விவரம் சேகரிக்க ஷாம் என்ற உதவி இயக்குநரைக் கரைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒட்டிய கன்னமும் பெரிய கண்ணாடியுமாக, பார்க்கிற எதையும் போனில் படம் பிடித்துக்கொண்டு திரிந்தான் அவன். அற்புதமணியின் கடைக்கு வந்து விசாரித்தபோது எல்லோரும் ரோச்சைக் கை காட்டினார்கள். ரோச் முதலில் கடந்த தீபாவளிக்கு வந்த படத்தைத் திட்டி முடித்தார். பிறகு ஷாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி விரல் இடுக்கில் எப்படித் தளர விட வேண்டும் என்று செய்தும் காட்டினார். கடைசியில் மச்சான் விஷயத்துக்கு வந்தார்.

"சொந்தக் கூடப்பிறந்தவன்கிட்ட குடுக்க மாட்டோம் தம்பி. அவன் பிடிச்சா பாதி மனசு கயித்துல இருக்கும், பாதி மனசு அப்பன் சொத்துல இருக்கும். மச்சான்னா அப்படி இல்ல. கீழ கிடக்கது அவன் தங்கச்சி தாலில்லா."

ஷாம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றான். படத்தின் கடைசியில் நன்றி என்று போட்டு அண்ணன் பெயரைப் போடுவோம் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

அதோடு ரோச் மாறிவிட்டார். ஊரில் எந்தப் படம் வந்தாலும், "இதெல்லாம் என்ன படம், நம்ம படம் வரட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தார். 'நித்திலக் கோட்டை' என்று பெயர் வைத்தார்கள். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். கடலிலிருந்து கையில் வாளோடு எழுந்து வருகிற நாயகனைப் பார்க்கும்போதெல்லாம் ரோச்சுக்கு மருமகனைப் பார்க்கிற மாதிரி ஒரு பூரிப்பு வந்தது.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. ரோச் போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக முதல் காட்சியை விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போய், ஒன்றாக உட்கார்ந்து, தன் பெயரை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கதையை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று கடையில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளியன்றே பார்த்துவிட்ட அற்புதமணி, "அண்ணாச்சி, படத்துல ஒரு விஷயம்..." என்று இழுத்தபோது கையைக் காட்டி அடக்கிவிட்டார். கரையில் ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மரியாதையாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். ரோச், அவர் மனைவி ஜெர்லின், மெட்டில்டா, டெரன்ஸ், டெரன்ஸின் அம்மா லூர்தம்மாள். லூர்தம்மாள் தியேட்டருக்கு வந்தே பல வருஷம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டு ஆளின் பெயர் திரையில் வருகிறதே என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் முடிந்ததும் யாரும் எழுந்துவிடக் கூடாது, பெயர் கடைசியில்தான் வரும் என்று ரோச் எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

முதல் பாதியில் நடந்த அக்கிரமத்தையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். நாயகனும் நாயகியும் கடலுக்கடியில் வாயைத் திறந்து பாட்டுப் பாடினார்கள். ஒரு சிப்பியைத் திறந்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு முத்து இருந்தது. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் தியேட்டர்காரர்கள் வந்து அவரை வெளியே கூட்டிப் போயிருப்பார்கள். இன்றைக்கு டெரன்ஸ் பக்கம் சாய்ந்து, "சினிமான்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும் மாப்பிள" என்றார். டெரன்ஸ் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. முத்துக்குளிப்பவன் வேஷத்தில் இருக்கும் இளவரசனாகிய நாயகன் கடலில் இறங்குகிறான். தோணியில் நாயகியின் அண்ணன் கயிறு பிடித்திருக்கிறான். பக்கத்தில் நிற்கும் கிழவர் ஒருவர் இந்த வழக்கத்தை விளக்குகிறார். தங்கச்சி தாலி என்று ரோச் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்கிறார். தியேட்டரே கை தட்டியது. கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி விரல் இடுக்கில் விட்டிருந்தான் அந்த நடிகன். ரோச் டெரன்ஸின் தொடையில் தட்டி, "நான் சொல்லிக் குடுத்தது, பாத்தியா" என்றார்.

திரையில் அந்த அண்ணன் சிரித்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். கயிற்றை அறுத்தான்.

பின்னாலிருந்து எவனோ, "மச்சானை நம்பாதீங்கடே" என்று கத்தினான். ஒரே சிரிப்பு. ரோச் எழுந்து நின்றார். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் திரையைப் பார்த்து, "எந்த மச்சான்ல அறுத்தான், சொல்லுல, எந்த மச்சான் அறுத்தான்" என்று தொண்டை கிழியக் கேட்டார். விளக்குப் போட்டார்கள். டெரன்ஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

இரண்டாம் பாதியில் இளவரசன் பிழைத்து வந்தான். அவனைக் காப்பாற்றியது அவனுடைய தம்பி. சொத்துக்கு ஆசைப்படாத, அண்ணனுக்காக உயிரைக் கொடுக்கிற தம்பி. ரோச் சொன்னதைத் தலைகீழாகத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் அறுந்த அதே கயிற்றால் மச்சானைக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். விசில் பறந்தது. லூர்தம்மாள்கூடத் தன்னை மறந்து இரண்டு தட்டுத் தட்டினார்.

படம் முடிந்ததும் ரோச் முதல் ஆளாக எழுந்தார். கூட்டம் அதிகமாகிவிடும், போவோம் என்றார். லூர்தம்மாள் அசையவில்லை. பேர் வரும் என்று சொன்னாயே, இரு பார்த்துவிட்டே போவோம் என்றார். ரோச் மறைக்கிற மாதிரி முன்னால் வந்து நின்றார். கொஞ்சம் தள்ளி நில்லு என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள். பெயர்கள் சாரை சாரையாக மேலே போயின. கடைசியில் வந்தது. லூர்தம்மாள் எழுத்துக் கூட்டி, பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"முத்துக்குளி வழக்கம் பற்றிய தகவல், ரோச், தூத்துக்குடி."

வாசித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு இப்படியெல்லாம் யோசனை வருமாய்யா?"

நான் சொன்னது இதில்லை, இதற்கு நேர் எதிர் என்று ரோச் ஆட்டோவில் வீடு வருகிற வரைக்கும் சொன்னார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. திரையில் பெயர் போட்டுவிட்டான். அதற்கு மேல் ரோச் வாயால் சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது.

மறுநாள் ஷாமுக்குப் போன் போட்டார். நாள் முழுக்கப் போட்டு, சாயங்காலம்தான் எடுத்தான். பின்னால் பாட்டும் கூச்சலும் கேட்டன, ஏதோ வெற்றி விழாவில் இருந்தான். ரோச் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். ஷாம் கோபப்படவில்லை. அதுதான் ரோச்சுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, வேற வழியில்லண்ணே. எந்த ஊர்க்காரனை வில்லனாக் காட்டினாலும் கேஸ் போடுறான், எந்த ஜாதியைக் காட்டினாலும் போஸ்டரைக் கிழிக்கிறான். மச்சானுக்குத்தான் சங்கம் கிடையாது."

ரோச் போனைத் தூக்கி எறியப் போனார். ஜெர்லின் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு டீக்கடையில் அவர் 'நித்திலக் கோட்டை'யைத் திட்டின திட்டு அந்தக் கடை அதுவரை கேட்டிராதது. படத்தில் கோட்டைக்குக் காவல் நின்ற யானையைத் திட்டினார், குதிரையைத் திட்டினார், இசை போட்டவனைத் திட்டினார். கோடி கோடியாகக் கொட்டி ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறதுக்குப் பேர் சரித்திரமா என்று கேட்டார். வழக்கமாகச் சிரிக்கிறவர்கள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தக் கரையில் மச்சான்மார்கள் நிறையப் பேர் கயிறு பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மாமியார்கள் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். "வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கே சொல்ல வந்தேன் அண்ணாச்சி என்று அற்புதமணி முணுமுணுத்தார். ரோச் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வீட்டு வாசலில் டெரன்ஸ் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றான். கண்ணை மூடினால் கயிறு அறுகிற மாதிரி வருகிறதாம் என்றான்.

"கொஞ்ச நாளைக்கு மெல்வின் பிடிக்கட்டும் மச்சான். படம் ஓடி முடியட்டும்."

மெல்வின் டெரன்ஸின் தம்பி. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். பிறந்தது கடற்கரை என்றாலும் வள்ளத்தில் கால் வைத்தால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும் அவனுக்கு.

"அத்தைய விடு மாப்பிள. நீ என்ன நினைக்க? அதைச் சொல்லு."

"நான் என்ன நினைக்க. சினிமாதான அது" என்றான் டெரன்ஸ். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் ரோச்சின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் ரோச் அந்தத் தியேட்டரையே கொளுத்தியிருப்பார். ஆனால் ஆத்திரத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. டியூப் ஓர் இடத்தில் மடங்கினால் போதும், கீழே இருப்பவனுக்கு மூச்சு நின்றுவிடும். மெல்வினுக்கு அது மடங்குவதும் தெரியாது, நிமிர்வதும் தெரியாது. மறுநாள் வள்ளம் புறப்பட்டபோது அவர் கரையில் நின்று பார்த்தார். மெல்வின் டியூப்பைச் சுருட்டிய விதத்தைப் பார்த்ததுமே முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கிவிட்டார். வள்ளம் மதியத்துக்கு முன்பே திரும்பியது. மெல்வின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். டெரன்ஸ் உயிரோடு வந்துவிட்டான் என்பதைப் பார்த்த பிறகுதான் ரோச் வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மெட்டில்டா வந்தாள். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவள். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, ஜெர்லின் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். எதற்காக அவனிடம் போய்ச் சொன்னாய் என்று கேட்டாள். ஒரு பெருமைக்குச் சொன்னேன் என்றார் ரோச்.

"கீழ கிடக்கது என் தங்கச்சி தாலின்னு எங்கிட்ட ஒருக்கா கூட நீ சொன்னதில்லையேண்ணே. இத்தன வருஷமா சொல்லல. யாரோ ஒருத்தன்ட்ட சொல்லியிருக்க. நான் அதைத் தியேட்டர்ல உக்காந்து கேக்கேன்."

அவளிடம் சொல்ல வேண்டும் என்று ரோச்சுக்குத் தோன்றியதே இல்லை. பிடித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல வேறு வேண்டுமா என்றுதான் இருந்திருக்கிறார். மெட்டில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்குத் தன் மேல் சந்தேகமா, வருத்தமா என்று தெரியாமல் ரோச் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தேகம் இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. மெட்டில்டா மாமியாரிடம் வாதாடவில்லை, புருஷனிடம் அழவில்லை. வழக்கமாக விடியுமுன் கடலுக்குச் சோறு கட்டிக் கொடுப்பவள் அன்று அடுப்பே மூட்டவில்லை. சோறு எங்கே என்று டெரன்ஸ் கேட்டதற்கு, என் அண்ணன் பிடிக்காத டியூப்புக்கு நான் சோறு கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். லூர்தம்மாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். மெல்வினும் எனக்கு வேண்டாம் இந்தப் பிழைப்பு, லாரியே போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். இரண்டு நாள் வள்ளம் கரையிலேயே கிடந்தது. மூன்றாவது நாள் டெரன்ஸ் வந்து, "மச்சான், கிளம்புவமா" என்றான். எதுவும் நடக்காத மாதிரி கேட்டான். ரோச்சும் எதுவும் நடக்காத மாதிரி டியூப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தூக்குச்சட்டியில் சோறு சுடச்சுட இருந்தது.

காற்று விழுந்து கடல் அமைதியாக இருந்தது. வள்ளத்தின் நிழல் தண்ணீருக்குள் வெகு ஆழம் வரைக்கும் இறங்கித் தெரிந்தது, அவ்வளவு தெளிவு. டெரன்ஸ் இடுப்புக் கயிற்றைக் கட்டினான். முடிச்சை ரோச் சரி பார்த்தார். அவன் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

ரோச் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். திரையில் அந்த நடிகன் சுற்றியது கண்ணில் வந்து நின்றது. தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை அவருக்கு. இத்தனை வருஷம் தன்னுடையதாக இருந்த ஒன்றை எவனோ எடுத்து எச்சில் பண்ணிக் கொடுத்துவிட்டான் என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விரல் இடுக்கில் கயிறு ஒருமுறை இழுபட்டது. டியூப் போதவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் விட்டார். விட்ட டியூப் கீழே போகவில்லை, தண்ணீரில் சும்மா மிதந்தது. மறுபடியும் ஓர் இழுப்பு. பதறிப்போய்க் கம்ப்ரஸரைப் பார்த்தார். அது பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. மறுபடியும் இழுபட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. மற்ற வள்ளத்து ஆட்கள் இழுக்கிற இழுப்பு இது. மேலே ஆள் இருக்கிறானா என்று பார்க்கிற இழுப்பு.

தியேட்டரில் வராத அழுகை அவருக்கு அங்கே வந்தது. எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த டிரைவர், "என்ன அண்ணாச்சி, தூக்கச் சொல்லுதாரா?" என்று கேட்டான்.

"இல்லல. நீ வேலயப் பாரு" என்றார்.

பிறகு கயிற்றை ஒருமுறை இழுத்தார். இருக்கிறேன் என்று.

டெரன்ஸ் மேலே வந்தபோது பையில் சங்கு கொஞ்சம்தான் இருந்தது. முகமூடியைக் கழற்றினான். தலையைத் துவட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்த்து, "கீழ ஒரே கலங்கல் மச்சான், ஒண்ணும் தெரியல" என்றான்.

ரோச் தண்ணீரைப் பார்த்தார். வள்ளத்தின் நிழல் அடியில் அப்படியே தெரிந்தது.

"ஆமா மாப்பிள, கலங்கல்தான்" என்றார்.

சோறு தின்றுவிட்டு டெரன்ஸ் மறுபடியும் இறங்கினான். அவன் தரையைத் தொட்டதும், அவன் இழுக்கும் முன்பாகவே ரோச் தானாக ஒருமுறை கயிற்றை இழுத்தார்.